வாசலுக்கு வெளியே பூட்டிய சைக்கிள்

காவலாளி அண்ணன் கையை நீட்டி என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தபோது, அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு என்னைப் பார்த்துச் சிரித்துத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டவர். அன்றைக்குக் கம்பம் எழவில்லை. “சார், சைக்கிளை உள்ளே விட வேண்டாம் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். என்மேல் வருத்தப்படாதீர்கள்” என்றார். எனக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒதுங்கி நின்றேன். கம்பம் எழுந்தது, கார் உள்ளே போனது, கம்பம் இறங்கியது.

இது நடந்தது 2023 ஆகஸ்டில். பழைய மகாபலிபுரம் சாலையில், துரைப்பாக்கத்தை ஒட்டியிருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்துவந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். பெயர் இங்கே தேவையில்லை. அந்தச் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் எதற்குள் நுழைந்து கேட்டாலும் ஏறக்குறைய இதே அனுபவம்தான் என்று பிறகு பலரிடம் பேசியபோது தெரிந்துகொண்டேன். சைக்கிளில் வராதே என்று யாரும் எழுத்தில் தருவதில்லை. வர முடியாதபடி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வருகிறார்கள்.

வீடு மடிப்பாக்கத்தில். அங்கிருந்து அலுவலகம் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். கீழ்க்கட்டளைக்கு வந்து ரேடியல் சாலையைப் பிடித்துவிட்டால் கோவிலம்பாக்கம், நாராயணபுரம் ஏரி, பள்ளிக்கரணை என்று ஒரே போக்கு. காரில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஐம்பது நிமிடம் ஆகும்; மழை பெய்தால் ஒன்றேகால் மணி நேரம். சைக்கிளில் ஏழேகாலுக்குக் கிளம்பினால் முப்பத்தைந்து நிமிடம். அந்த ஆண்டு ஏப்ரலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரையின் அளவு 6.3 என்று வந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், தினமும் முக்கால் மணி நேரம் உடம்பு அசையட்டும் என்றார் மருத்துவர். முக்கால் மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவது? காரில் உட்கார்ந்து தொலைத்துக்கொண்டிருந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்.

உடம்புக்காகத்தான் தொடங்கினேன். ஆனால் என்னைப் பிடித்து வைத்தது பள்ளிக்கரணை. ரேடியல் சாலை அந்தச் சதுப்புநிலத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022ல் சேர்ந்த இடம் அது. பதினோரு ஆண்டுகள், பெருங்குடிக் குப்பைமேட்டின் நாற்றம் உள்ளே வந்துவிடாமல் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்திருக்கிறேன். சைக்கிளில் போன முதல் வாரத்தில்தான் கோரைக்குள் நீலத்தாழைக்கோழி ஒன்று, சிவந்த கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடப்பதைப் பார்த்தேன். நாற்றமும் அப்படியே இருந்தது. வேலைக்குப் போகிற வழியில் நின்று ஒரு பறவையைப் பார்த்துவிட்டுப் போகிற நாள் வேறு மாதிரியான நாளாக இருக்கிறது. அதை அனுபவித்த பிறகு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

அலுவலகத்தில் முதலில் வந்தது விசாரிப்பு. கார் என்ன ஆயிற்று, சர்வீசுக்கு விட்டிருக்கிறீர்களா என்றார்கள். இரண்டாவது வாரம், வீட்டில் ஏதாவது பணக் கஷ்டமா என்று ஒருவர் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார். உண்மையான அன்போடு கேட்டார். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. நாற்பத்தைந்து வயதுக்காரன் சைக்கிளில் வந்தால் அவனுக்கு ஏதோ இறங்கிவிட்டது என்று இந்த ஊர் முடிவுகட்டிவிடுகிறது. பிறகு என் மேலாளர் பேசினார். என்னைவிட எட்டு வயது இளையவர், வேலையில் நேர்மையானவர். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிற வாரம் மட்டும் காரில் வந்துவிட முடியுமா என்று கேட்டார். ஹெல்மெட்டும் முதுகுப் பையுமாக வரவேற்பறையைக் கடந்து போவது பார்க்க நன்றாக இருக்காதாம். அந்த வாரம் பின்வாசல் வழியாக ஏறிப் போனேன். போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு முறை ஒளிந்துகொண்டால், ஒளிய வேண்டிய காரியம்தான் அது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது.

வேர்வை பற்றியும் பேச்சு வந்தது. அது நியாயமான பேச்சு. சென்னைக் காற்றில் அரை மணி நேரம் மிதித்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் உட்காருகிறவர் அதைச் சகித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் கட்டடத்தில் குளிக்கும் வசதி கிடையாது. திங்கட்கிழமை மட்டும் காரில் வந்து ஐந்து நாளைக்கான சட்டைகளையும் பேண்டுகளையும் மேசைக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்துவிடுவேன். காலையில் வந்ததும் பத்து நிமிடம் மாடிப்படி ஓரம் காற்றாட உட்கார்ந்து வேர்வை அடங்கிய பிறகே ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டு உடை மாற்றுவேன். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு அவசரமாகச் சட்டை மாற்றினால் புதுச் சட்டையும் நனைந்துவிடும். எட்டரைக்கு என் இடத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஒன்பதரைக்கு மற்றவர்கள் வரும்போது எந்த அடையாளமும் இருக்காது. ஒரு மாதத்தில் அந்தப் பேச்சு நின்றுபோனது. நியாயமான குறையைச் சரிசெய்துவிட்டால் நியாயமில்லாதவை மட்டும் தனியாக வெளியே தெரியும்.

அதன் பிறகுதான் வாசலில் தடுத்தார்கள். கட்டட நிர்வாக அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அடித்தள வாகன நிறுத்தத்தில் சைக்கிள் வைப்பது ஆபத்து என்றார். இதில் பாதி உண்மை. அந்தச் சரிவுப் பாதையில் ஈரமிருந்தால் டயர் வழுக்கும்; கீழே வடிகால் கம்பிகளுக்கு இடையிலான சந்தில் ஒல்லிச் சக்கரம் சிக்கிக்கொள்ளும். அப்படியானால் தரைத்தளத்தில் இடம் கொடுங்கள் என்றேன். தரைத்தளம் இயக்குநர்களின் கார்களுக்கு ஒதுக்கியது என்றார். நான் சைக்கிளை மதிற்சுவருக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் வேலியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு சைக்கிள்கள் பூட்டியிருந்தன. யாருடையவை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. மேசைமேல் ஒரு காகிதம் தயாராக இருந்தது. சைக்கிளில் வருவதானால் இதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் சார், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறோம் என்றார் அங்கிருந்த அம்மையார். வாசித்தேன். என் சொந்தப் பொறுப்பில் சைக்கிளில் வருகிறேன். வழியில் விபத்து நேர்ந்தால் நிறுவனம் எந்த வகையிலும் பொறுப்பாகாது. நானோ என் குடும்பத்தாரோ எவ்வித இழப்பீடும் கோர மாட்டோம் என்று இருந்தது. குடும்பத்தார் என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. என் மனைவியின் உரிமையை நான் எப்படி எழுதிக் கொடுப்பது? மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். அடித்தளத்தில் அன்றைக்கு முந்நூறுக்குக் குறையாமல் மோட்டார் சைக்கிள்கள் நின்றிருக்கும். அவர் பதில் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சட்டம் படித்தவன் அல்ல நான். ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தேன். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி விளக்கம் கேட்டேன். முதலில் தெளிவானது, சைக்கிள் நம் சாலையில் முழு உரிமையோடு ஓடும் வண்டி என்பது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கேட்கும் உரிமமோ பதிவோ காப்பீடோ அதற்குத் தேவையில்லை. எந்த வண்டியில் வீட்டிலிருந்து கிளம்புவது என்பது என் விருப்பம். அலுவலகத்துக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சைக்கிளுக்கு நிறுத்த இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவும் எனக்கு வழி இல்லை. அவர்கள் மதிலுக்குள் அவர்கள் வைத்தது ஒழுங்கு. இந்த எல்லையைப் புரிந்துகொண்டது நல்லதாயிற்று. சண்டைக்காரனாகப் போயிருக்க வேண்டியவன், பேச வேண்டியவனாகப் போனேன்.

இரண்டாவது, அந்தக் கையெழுத்து பற்றியது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 17ஆம் பிரிவு சொல்லியிருந்தது. நூறு ஆண்டுக்கு முன்பே, ஆலைத் தொழிலாளியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு கைகழுவிவிடுவார்கள் என்று தெரிந்துதான் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். குறைந்த சம்பளக்காரர்களுக்கான அரசுத் தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயின் சட்டத்தில் 2010ல் சேர்த்த 51ஈ பிரிவு, வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நேரும் விபத்தை, இடமும் நேரமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்றது. வந்த வண்டி என்ன என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. நடந்து வந்தாலும் சரி, பஸ்ஸில் வந்தாலும் சரி. இந்த ஏற்பாடு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அதிகாலைப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தபோது, அந்தச் செய்தியை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் இறந்தது 2003ல். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் குடும்பம் காத்திருந்திருக்கிறது.

ஈஎஸ்ஐ எனக்குப் பொருந்தாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் அது. இந்த வரியை எழுதி வைத்துக்கொண்டேனே தவிர, அது யாருக்குப் பொருந்தும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. பதிலாக ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கோபமாக எழுதியதை மனைவி வாசித்துவிட்டு, இதை அனுப்பினால் உங்களுக்கு ஆறுதல், அவர்களுக்கும் ஆறுதல், சைக்கிள் வெளியேதான் நிற்கும் என்றாள். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பாதுகாப்புக்காக என்று சொல்கிறீர்கள், அதை ஏற்கிறேன், இந்தச் சாலை ஆபத்தானதுதான். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022ல் நாட்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர மோட்டார் வாகனங்களில் போனவர்கள் 44.5 சதவீதம். சாலையில் மோட்டார் சைக்கிள்கள் அதிகம் என்பதும் இதற்குக் காரணம்தான். ஆனாலும் அவர்களுக்கு நிறுவனம் செய்வதென்ன? நிறுத்த இடம் தருகிறது, ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா என்று வாசலில் பார்க்கிறது, ஆண்டுக்கொரு முறை பாதுகாப்பு வகுப்பு நடத்துகிறது. அதே அக்கறையை சைக்கிளுக்கும் காட்டுங்கள். இதைத்தான் எழுதினேன். என் குழு விபத்துக் காப்பீட்டின் விதிகளையும் இணைத்தேன். பந்தயத்தில் கலந்துகொண்டால் காப்பீடு இல்லை என்று அதில் இருந்தது. வேலைக்குப் போகும் சைக்கிள் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனிதவளப் பிரிவில் யாரும் அதுவரை அதைப் படித்துப் பார்த்திருக்கவில்லை.

முதல் வரைவில் வெளிநாட்டு உதாரணங்களும் வைத்திருந்தேன். கொலம்பியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முப்பது முறை சைக்கிளில் வேலைக்கு வரும் அரசு ஊழியருக்கு அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. பெல்ஜியத்தில் 2023 மே முதல் தனியார் ஊழியருக்கும் கிலோமீட்டர் கணக்கில் சைக்கிள் படி உண்டு. மேலாளரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னபோது, இது ஆம்ஸ்டர்டாம் இல்லையே என்றார். அந்த வாக்கியம் வீடு வரைக்கும் என்னோடு வந்தது. இது ஆம்ஸ்டர்டாம் இல்லை. ஆனால் இது அம்பத்தூர் அல்லவா?

அப்பா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தார். 1964ல் தொடங்கிய பேட்டை அது. நாங்கள் குடியிருந்தது கொரட்டூரில். மாலை நாலரைக்குச் சங்கு ஊதியதும் ஒவ்வொரு வாசலிலிருந்தும் சைக்கிள்கள் கிளம்பிப் பெரிய சாலையில் கலக்கும். அந்தக் கூட்டத்துக்குள் பஸ் நுழைய முடியாமல் ஓரமாக நிற்கும். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சோற்றுப் பாத்திரம் கொண்டு போவேன். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சைக்கிள் நிறுத்தம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரும்புக் குழாயில் வரிசையாகப் பற்றவைத்த கம்பிகள், ஒவ்வொரு கம்பிக்கு மேலும் வெள்ளைப் பெயிண்டில் எண். அப்பாவுடையது 212. அதே எண் பொறித்த தகர வில்லை ஒன்று அவர் சாவிக்கொத்தில் தொங்கும். ஓய்வுபெற்ற பிறகும் அதை அவர் கழற்றவில்லை. இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் மிதித்த ஹெர்குலிஸ் அந்த அம்பத்தூரிலேயே செய்தது. வாங்கியது தொழிற்சாலை கொடுத்த முன்பணத்தில். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். மத்திய அரசுகூடத் தன் ஊழியர்களுக்கு சைக்கிள் முன்பணம் கொடுத்துவந்தது. 2016ல்தான் அதை நிறுத்தினார்கள்.

வேலைக்கு ஆள் வேண்டும், ஆள் வந்து சேர சைக்கிள் வேண்டும் என்று அன்றைய முதலாளிக்குத் தெரிந்திருந்தது. அதற்காகக் கூரை போட்டார், எண் எழுதினார், காற்றடிக்கும் பம்பு வைத்தார். அவரை நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பளத்துக்காக அவரோடு அப்பா எத்தனையோ நாள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சைக்கிளை அவர் அவமானமாக நினைத்ததில்லை. நடுவில் எங்கோ நாம் அதை ஏழ்மையின் அடையாளமாக மாற்றிக்கொண்டோம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாக சைக்கிள் கொடுக்கும் மாநிலம் இது. சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாக ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கான வசதிகளுக்கு என்று எழுதி வைத்தது. அந்தக் காகிதத்தை நம்பி ரேடியல் சாலையில் ஒரு சைக்கிள் தடத்தைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும் எழுதியது எழுதியதுதான். கடிதத்தில் அதையும் சேர்த்தேன்.

இடமில்லை என்பதுதான் கடைசிக் காரணமாக நின்றது. ஒரு சனிக்கிழமை காலை அளவு நாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். காவலாளி அண்ணன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கார் நிறுத்தக் கட்டம் ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். அதைத் தரையில் வரைந்தோம். பிறகு வெளியே வேலியில் பூட்டியிருந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாக உள்ளே உருட்டி வந்து அடுக்கினோம். பக்கத்துப் பக்கத்தில் நேராக நிறுத்தினால் ஹேண்டில்பார்கள் இடித்தன. ஏழுக்கு மேல் போகவில்லை. ஒன்றை முன்பக்கமாக, அடுத்ததைப் பின்பக்கமாக மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள் என்றார் அண்ணன். கிராமத்தில் வாடகை சைக்கிள் கடையில் வேலை செய்திருக்கிறாராம். மாற்றி வைத்ததும் எங்களிடம் இருந்த ஒன்பதும் உள்ளே அடங்கி, இன்னொன்றுக்கும் இடம் மிஞ்சியது. கைபேசியில் படம் எடுத்தேன். ஒரு காரின் இடத்தில் பத்து பேர். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டி, அங்கே இரண்டு கட்ட இடம் கேட்டு விண்ணப்பம் போட்டேன். மூன்று மாதமாக நான் உள்ளே நுழைந்த நேரத்தை அட்டைப் பதிவிலிருந்து எடுத்து இணைத்தேன். ஒரு நாளும் ஒன்பதைத் தாண்டவில்லை.

நவம்பர் கடைசியில் அனுமதி வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் அடித்தது. பள்ளிக்கரணை முழுக்கத் தண்ணீர், அலுவலக அடித்தளத்தில் மார்பளவு. எல்லாம் வடிந்து ஜனவரியில்தான் அந்த மூலையைச் சுத்தம் செய்து கம்பி அடித்துக் கொடுத்தார்கள். அனுமதிக் கடிதத்தில் மூன்று பெயர்கள்: நான், என்னைப் பார்த்து சைக்கிளில் வரத் தொடங்கிய வேறு பிரிவு இளைஞர்கள் இருவர். மூன்று பேருடைய சைக்கிளும் இருபதாயிரத்துக்கு மேல் விலை. வாசலில் கம்பம் எழுந்து நான் உள்ளே உருட்டிப் போன அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் பதினெட்டு நாள் நீடித்தது. ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு வெளியே வந்தபோது, பணி முடிந்த காவலாளி அண்ணன் டிரான்ஸ்பார்மர் வேலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் அறுபட்ட சங்கிலி. அவருடைய சைக்கிள் போய்விட்டது. பன்னிரண்டு மணி நேரம் எங்கள் எல்லோருடைய கார்களையும் காவல் காத்தவரின் வண்டி, அவர் காவல் காத்த மதிலுக்கு நாலடி வெளியே திருடு போனது. கண்ணகி நகர்வரை நடந்தே போவதாகச் சொன்னார். “விடுங்கள் தம்பி, பழைய வண்டிதான்” என்றார். அதுவரை என்னை சார் என்று மட்டுமே அழைத்தவர்.

வேலியில் பூட்டியிருந்த மற்ற சைக்கிள்களை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். தூய்மைப் பணி செய்யும் அக்காக்கள் மூன்று பேர், உணவகத்தில் பாத்திரம் கழுவும் பையன், தோட்டக்காரர், இன்னொரு காவலாளி. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றி இங்கே கொண்டுவந்து குடியேற்றிய குடும்பங்கள். இந்தச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைப் பெருக்கித் துடைத்துக் காவல் காப்பவர்கள். எனக்கு சைக்கிள் ஒரு விருப்பம். வேண்டாம் என்றால் கார் இருக்கிறது. அவர்களுக்கு வேறு வண்டி இல்லை. அவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் எங்கள் அனுமதிப் பட்டியலிலும் இல்லை. ஆண்டுக்கணக்காக அவர்களிடம் சைக்கிளை வெளியே வை என்று சொன்ன அதே வாய்தான் என்னிடமும் சொன்னது. என்னிடம் சொன்னபோது மட்டும் அது விவகாரமாயிற்று, கடிதமாயிற்று, சட்டப் பிரிவாயிற்று. அந்த ஒன்பது சைக்கிள்களையும் என் கையாலேயே உருட்டி வந்து அளந்து படமெடுத்து, அந்தப் படத்தைக் காட்டித்தான் இடம் வாங்கினேன். வாங்கியது மூன்று பேருக்கு.

இரண்டாவது கடிதம் வேறு மாதிரி எழுதினேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. ஈஎஸ்ஐ பிரிவை மேற்கோள் காட்டினேன். அது பொருந்துவது இவர்களுக்குத்தான் என்று எழுதினேன். இரவுப் பணி முடிந்து வெளிச்சமில்லாத சேவைச் சாலையில் போகிறவர்களுக்குப் பின்விளக்கும் மிளிரும் பட்டையும் வாங்கிக் கொடுங்கள், செலவு உங்கள் பாதுகாப்பு வார விழாவின் செலவில் பத்தில் ஒரு பங்கு வராது என்றேன். மேலாளர் இம்முறை என்னைக் கூப்பிடாமல் தானே என் மேசைக்கு வந்தார். இது உங்கள் வேலை இல்லையே என்றார். இல்லைதான் என்றேன். சற்று நேரம் நின்றார். பிறகு, அவருடைய தாத்தா மதுரையில் ஆலைக்கு சைக்கிளில் போனவர் என்றார். அந்தக் கடிதத்தில் மூன்றாவது கையெழுத்து அவருடையது. மொத்தம் நாற்பத்தொரு பேர் போட்டார்கள். அதில் சைக்கிளில் வருகிறவர்கள் ஐந்து பேர்தான்.

ஆறு மாதம் இழுத்தது. ஒப்பந்த நிறுவனம் சம்மதிக்க வேண்டும் என்றார்கள், கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்றார்கள், யார் சைக்கிள் யாருடையது என்று எப்படித் தெரியும் என்றார்கள். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அப்பாவின் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். இப்போது அந்த மூலையில் இருபது கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கு மேலும் எண், ஒவ்வொருவரிடமும் அதே எண்ணில் ஒரு வில்லை. காவலாளி அண்ணன் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டார். அவருடைய எண் 4.

கூரை இன்னும் போடவில்லை. பின்விளக்கு ஒரு முறை கொடுத்தார்கள், அதோடு சரி. புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தரும் கையேட்டில், போக்குவரத்து நெரிசல் கருதி ஊழியர்கள் மிதிவண்டியைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்ற வரி அப்படியே இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

போன மாதம் சேர்ந்த ஒரு பெண், கோவிலம்பாக்கத்தில் தங்கியிருக்கிறவள், அந்த வரியைக் காட்டி, உண்மையிலேயே வரக் கூடாதா அண்ணா என்று கேட்டாள். கல்லூரிவரை சைக்கிளில் போனவளாம். கையேட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு ஒரு காகிதத்தில் வழியை வரைந்து கொடுத்தேன். ஏழரைக்குள் கிளம்பிவிடு, எட்டுக்கு மேல் தண்ணீர் லாரிகள் வரத் தொடங்கும். நாராயணபுரம் ஏரி தாண்டியதும் இடது ஓரம் வடிகால் மூடி ஒன்று உடைந்திருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் ஓரத்தை விட்டு ஒரு கை நடுவே போ, பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் ஒதுங்காதே. சதுப்பு நிலத்தை ஒட்டிய பாலத்தில் காற்று எதிர்த்து அடிக்கும், அங்கே மூச்சு வாங்கினால் நின்றுவிடு, வலது பக்கம் கோரைக்குள் பார். துரைப்பாக்கம் சந்திப்பில் இறங்கி உருட்டிக்கொண்டே கடந்துவிடு. வாசலில் அண்ணனிடம் என் பெயரைச் சொல். எண் 17 காலியாக இருக்கிறது.